ட்ரென்டோவின் ஃபெராரி: எந்த பாட்டிலுக்கு எந்தச் சாப்பாடு?

மியூனிக்கில் வேலை பார்க்கும் ஒரு நண்பர் மே மாதம் மனைவியோடு நான்கு நாள் வட இத்தாலியின் ட்ரென்டோவுக்கு வருகிறார். அவர் கேட்டது இது: "ஃபார்முலா 1 மேடையில் தெளித்தார்களே, அந்த ஃபெராரி ஒயின் அங்கேதான் தயாராகிறதாம். அது கார் கம்பெனியுடையதா? அவர்களுடைய பாட்டில்களில் எதை எந்தச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டும்? சாதாரண வெள்ளை ஒயினும் அந்த ஊரில் நன்றாக இருக்குமா? மனைவி சைவம், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்."

ட்ரென்டோ பக்கத்து உணவகங்களில் பல வருடமாக ஒயின் பரிமாறுவதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கார் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. வட இத்தாலியில் ஃபெராரி என்பது எங்கே திரும்பினாலும் கேட்கும் குடும்பப் பெயர். கொல்லரைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது. கார் செய்த என்ஸோ ஃபெராரி மோடெனாக்காரர். ஒயின் செய்தவர் ஜூலியோ ஃபெராரி. ட்ரென்டோவில் அவர் தொழில் தொடங்கிய 1902இல் என்ஸோவுக்கு நான்கு வயது. 2021 முதல் சில வருடங்கள் ஃபார்முலா 1 வெற்றி மேடையில் தெளித்தது இந்த ஜூலியோவின் ஒயினைத்தான். அதிலிருந்து இந்தக் குழப்பம் இன்னும் கூடிவிட்டது.

1902இல் ட்ரென்டோ இத்தாலியில் இல்லை. ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் தெற்கு ஓரத்தில் இருந்தது. பக்கத்து ஊரான சான் மிக்கேலேயின் விவசாயப் பள்ளியில் ஜூலியோ படித்தார். பிறகு பிரான்சில் மோன்பெலியேவிலும் ஜெர்மனியில் கைசன்ஹைமிலும் படித்துவிட்டு, ஷாம்பெயின் பகுதியின் எபெர்னேயில் வேலை பார்த்தார். அங்கே அவர் கவனித்தது ஒன்றுதான்: ஷாம்பெயினுக்கு வேண்டிய குளிர்ச்சி, தன் ஊர் மலைச்சரிவிலும் இருக்கிறது. ஷார்டொனே கொடிகளைக் கொண்டுவந்து நட்டார். இத்தாலியில் அந்தத் திராட்சையைப் பெரிய அளவில் பயிரிட்ட முதல் ஆள் அவர்தான். அதற்குப் பிறகும் பல காலம் இத்தாலியர்கள் ஷார்டொனேயையும் பினோ பியாங்கோ என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சையையும் ஒன்றென்றே நினைத்து ஒரே தோட்டத்தில் கலந்து நட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தனக்குப் பிறகு தொழிலை யாரிடம் விடுவது என்று ரொம்ப நாள் தேடி, 1952இல் ட்ரென்டோவிலேயே ஒயின் கடை வைத்திருந்த புரூனோ லுனெல்லியிடம் கொடுத்தார். அப்போது வருடத்துக்கு 10,000 பாட்டில்கூட நிரம்பவில்லை. விற்ற பிறகும் ஜூலியோ ஒதுங்கிவிடவில்லை; 1965இல் இறக்கும்வரை ஒயின் கிடக்கும் அந்தப் பாதாள அறைக்கு வந்து வேலை பார்த்துக்கொண்டே இருந்தார். புரூனோவின் மகன்கள் ஃபிராங்கோ, ஜீனோ, மௌரோ மூவரும் தொழிலைப் பெரிதாக்கினார்கள். இன்று நடத்துவது பேரப்பிள்ளைகள். 2014இல் புரொசெக்கோ செய்யும் பிசோல் நிறுவனத்தில் பாதியை வாங்கியதும் இதே குடும்பம்தான்.

புரொசெக்கோ என்றதும் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். மியூனிக்கில் நீங்கள் கோடைக்காலத்தில் குடித்திருக்கக்கூடிய இத்தாலியக் குமிழி ஒயின் பெரும்பாலும் புரொசெக்கோவாகத்தான் இருக்கும். அதில் குமிழி உண்டாவது பெரிய எஃகுத் தொட்டியில், சில வாரங்களிலேயே. பேரிக்காய் வாசம், வெள்ளைப் பூ வாசம் என்று பழத்தின் இளமை அப்படியே இருக்கும். அது நல்ல ஒயின்தான், ஆனால் வேறு ஒயின். ட்ரென்டோவில் குமிழி உண்டாவது பாட்டிலுக்குள். முதலில் சாதாரண வெள்ளை ஒயின் செய்கிறார்கள். வசந்தத்தில் அதை பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்கு சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, சோடா பாட்டில் மாதிரி இரும்பு மூடி போட்டுப் படுக்க வைப்பார்கள். சர்க்கரையை ஈஸ்ட் தின்னும்போது வரும் வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்துவிடும். உள்ளே ஏறும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

ஈஸ்ட்டின் வேலை அதோடு முடிவதில்லை. செத்து அடியில் படிந்த ஈஸ்ட் மெல்ல மெல்லக் கரைந்து ஒயினுக்குள் இறங்கும். காலையில் பேக்கரி வாசலைத் தாண்டும்போது வருமே, அந்த ரொட்டி வாசம் இங்கிருந்துதான் வருகிறது. எத்தனை வருடம் அப்படிக் கிடந்தது என்பதுதான் பாட்டிலுக்கு பாட்டில் வித்தியாசம். இந்தப் பகுதி ஒயினுக்கு ட்ரென்டோடாக் என்று பெயர். சட்டம் வந்தது 1993இல். குறைந்தது 15 மாதம் ஈஸ்ட்டோடு இருக்க வேண்டும். லேபிளில் அறுவடை வருடம் போட்டால் 24 மாதம், ரிசெர்வா என்று போட்டால் 36 மாதம். ஃபெராரிக்காரர்கள் இதற்கெல்லாம் மேலேயே வைத்திருப்பார்கள். கடைசியில் பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறப்பார்கள். வண்டல் ஒரு பனிக்கட்டித் துண்டாக வெளியே தெறித்து விழும். அதைக் கிட்ட நின்று பார்த்தால் மறக்க முடியாது: சாம்பல் நிறத்தில் விரல் நுனி அளவு ஒரு கட்டி, அவ்வளவுதான். இத்தனை வருட வாசமும் அதிலிருந்து வந்ததுதான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். என்னிடம் வரும் விருந்தாளிகளில் பாதிப் பேர் முதல் கிளாஸோடு குமிழியை முடித்துக்கொண்டு, சாப்பாடு வந்ததும் சிவப்புக்கு மாறிவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். இந்த ஒயினின் புளிப்பும் குமிழியும் உப்பும் எண்ணெயும் உள்ள சாப்பாட்டுக்காகவே அமைந்தவை. வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு ஒதுக்கிவைத்தால் அதன் பாதியைக்கூட நீங்கள் பார்க்கவில்லை. ட்ரென்டோவில் இரண்டு பேர் ஒரு பாட்டில் பொல்லிச்சினேயை, அதாவது குட்டிக் குமிழியை, முதல் தட்டு முதல் கடைசித் தட்டு வரை வைத்துச் சாப்பிடுவது சாதாரணம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதல் நாள் மாலைக்கு ஃபெராரி ப்ரூட். ப்ரூட் என்றால் இனிப்பு தெரியாத ஒயின். இருப்பதில் எளிய பாட்டில், முழுக்க ஷார்டொனே, கடையில் 20 யூரோவை ஒட்டிக் கிடைக்கும். இதோடு டோர்டெல் டி பட்டாட்டே கேளுங்கள். நோன் பள்ளத்தாக்கின் பண்டம் இது. பச்சை உருளைக்கிழங்கைத் துருவி, கொஞ்சம் மாவும் உப்பும் சேர்த்து, தட்டையாக எண்ணெயில் பொரிப்பார்கள். ஓரம் மொறுமொறுவென்று பழுப்பாகவும் நடுவில் மெத்தென்றும் இருக்கும். கூடவே பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி, நறுக்கிய முட்டைக்கோஸ், வேகவைத்த பீன்ஸ் வரும். இறைச்சியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அவர்களுக்கு.

பொரித்த பண்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒயின் எனக்குத் தெரியாது. காரணம் எளிது. எண்ணெய் நாக்கில் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது வாயிலிருந்து ருசி மங்கத் தொடங்கும். அந்தக் கொழுப்பின் கனத்தைப் புளிப்பு தட்டிக் கழிக்கும்; குமிழி நாக்கைச் சுரண்டிக் கழுவிவிடும். அடுத்த வாய் மறுபடி முதல் வாய் மாதிரி இருக்கும். உப்பும் உதவிக்கு வரும். உப்பான பண்டத்துக்குப் பிறகு குடிக்கும்போது ஒயினின் புளிப்பு மட்டுப்பட்டு, பழ ருசி மேலே வரும். முதலில் ப்ரூட்டைத் தனியாக ஒரு வாய் குடித்துவிட்டு, டோர்டெல் ஒரு துண்டு சாப்பிட்டு, மறுபடி குடித்துப் பாருங்கள். இரண்டாவது வாயில் ஆப்பிள் வாசம் பளிச்சென்று தெரியும். வேறு எதையும் செய்து பார்க்காவிட்டாலும் இதை மட்டும் செய்து பாருங்கள்.

மே மாதம் என்றதால் வெள்ளை அஸ்பாரகஸ் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ட்ரென்டோவுக்கு வடக்கே ஸாம்பானா என்ற ஊரில், ஆற்றுமணல் நிலத்தில், வெயில் படாமல் மண்ணுக்குள்ளேயே வளர்த்து வெட்டுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில்தான் கிடைக்கும். பரிமாறும் விதம் ரொம்ப எளிது: வேகவைத்த தண்டுகளோடு வேகவைத்த முட்டை வரும், மேஜையில் எண்ணெய், வினிகர், உப்பு, மிளகு இருக்கும். அவரவர் தட்டில் முட்டையை முள்கரண்டியால் மசித்து, எண்ணெய் விட்டுக் குழைத்து, அதில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

ஒயினுக்கு இது கஷ்டமான தட்டு. அஸ்பாரகஸில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் நல்ல ஒயினைக்கூட இரும்பு வாசம் அடிக்க வைத்துவிடும். மஞ்சள் கரு நாக்கைப் பூசி மெழுகிவிடும். வினிகர் எந்த ஒயினையும் சப்பென்று ஆக்கிவிடும். மஞ்சள் கருவைக் குமிழி சமாளித்துவிடும், அதனால் ப்ரூட் மோசமில்லை. ஆனால் இந்த ஒரு தட்டுக்கு நான் குமிழியைக் கேட்க மாட்டேன். செம்ப்ரா பள்ளத்தாக்கின் முல்லர்-துர்காவ் வெள்ளை ஒயினைக் கேட்பேன். வாயில் கனக்காத மெல்லிய உடம்பு, பச்சை இலை வாசம், மரப்பீப்பாய் படாத ஒயின். அஸ்பாரகஸின் பசுமையோடு அது மோதாமல் கூடவே போகும். வினிகரை மட்டும் நாலு சொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த ஒயினைப் பற்றி இரண்டு வரி. ஹெர்மன் முல்லர் என்ற சுவிஸ் விஞ்ஞானி 1882இல் உருவாக்கிய கலப்பினத் திராட்சை அது. உருவான இடம் ஜூலியோ ஃபெராரி பிற்பாடு படித்த அதே கைசன்ஹைம். ஜெர்மனியில் அதை வைத்து நிறைய சாதாரண ஒயின் செய்து பெயரைக் கெடுத்துவிட்டார்கள். மியூனிக்கில் குடித்துவிட்டு அதற்கு ஒரு மதிப்பு போட்டு வைத்திருந்தால், இங்கே அதை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். செம்ப்ராவில் அது 500 மீட்டருக்கு மேலே, காரை பூசாத கருங்கல் சுவர் படிக்கட்டுகளில் வளர்கிறது. டிராக்டர் ஏற முடியாத சரிவு; கூடை கூடையாகக் கையால்தான் பறிக்க வேண்டும். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி விழுவதால் வாசமும் புளிப்பும் சேர்ந்தே நிற்கும்.

இப்போது ஃபெராரியின் அடுத்த பாட்டிலான பெர்லே. 1971 அறுவடையிலிருந்து செய்துவருகிறார்கள். ஷார்டொனே மட்டும், ஒரே வருட அறுவடை, ஏறக்குறைய ஐந்து வருடம் ஈஸ்ட்டோடு கிடக்கும். என்னிடம் கேட்டால் இந்த வீட்டின் உண்மையான முகம் இதுதான். ப்ரூட்டில் பச்சை ஆப்பிள் என்றால் இதில் பழுத்த ஆப்பிள், வறுத்த பாதாம், வாட்டிய ரொட்டி. புளிப்பு குறையவில்லை, உருண்டு திரண்டிருக்கும்.

இதற்கு இணை மலை ஆற்று மீன். ட்ரென்டோ பகுதியின் ட்ரௌட் மீனும், அதன் உறவான சல்மெரீனோவும் ஐரோப்பியப் புவிசார் குறியீடு பெற்றவை. பனிமலையிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீரில் வளர்வதால் சதை இறுக்கமாக இருக்கும், சேற்று வாசம் இருக்காது. சல்மெரீனோவை வெண்ணெயில் தோல் பக்கமாகப் போட்டு, தோல் மொறுமொறுப்பாகும்வரை அசைக்காமல் விடுவார்கள். வெண்ணெய் மெல்லப் பழுப்பாகி, முந்திரி வறுத்த மாதிரி மணக்கத் தொடங்கும். அதில் நாலு சேஜ் இலையைப் போட்டுப் பொரித்து மீன் மேல் ஊற்றுவார்கள். அந்தப் பழுப்பு வெண்ணெயின் வாசமும் பெர்லேயின் பாதாம் வாசமும் அக்கா தங்கை மாதிரி. தட்டோரத்தில் எலுமிச்சைத் துண்டு வைத்திருப்பார்கள், பிழியாதீர்கள். அந்த வேலையை ஒயினே செய்யும். எலுமிச்சை பிழிந்த மீனோடு குடித்தால் பெர்லே தட்டையாகிவிடும். மேஜை மேஜையாக இதைச் சொல்லியும் கை தானாக எலுமிச்சைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சைவத் தட்டில் பெர்லேக்கு இணை ஸ்ட்ராங்கொலாப்ரேட்டி. பழைய ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, கீரையும் முட்டையும் சேர்த்து உருட்டிய கொழுக்கட்டை. வேகவைத்து அதே பழுப்பு வெண்ணெய், சேஜ், துருவிய பாலாடைக்கட்டியோடு தருவார்கள். பெயருக்கு 'பாதிரியார் தொண்டையை நெரிப்பது' என்று அர்த்தம். இதைப் போலவே இருக்கும் கனெடெர்லி என்ற ரொட்டி உருண்டையைக் கேட்கும்போது மட்டும் கவனம். அதில் பொதுவாகப் புகையூட்டிய பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும். வரும் சாறும் இறைச்சிச் சாறு. பாலாடைக்கட்டி அல்லது கீரை போட்டது, சாறு இல்லாமல் வெண்ணெயில், என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், சைவக்காரர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. இங்கே எல்லாத் தட்டிலும் விழும் துருவல் ட்ரென்டின்கிரானா. அருமையான பாலாடைக்கட்டி, ஆனால் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட். அது வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாமல் செய்து தருவார்கள். சாப்பிடுவதில் ஆட்சேபம் இல்லையென்றால், இரண்டு வருடம் பழுத்த கட்டியை உளியால் உடைத்த மாதிரி துண்டு துண்டாகக் கேட்டு வாங்கி பெர்லேயோடு வையுங்கள். புட்ஸோனே தி மொயேனா என்று இன்னொன்று உண்டு. 'நாறுபவன்' என்பதுதான் பெயரின் பொருள். தோலைக் கழுவிக் கழுவிப் பழுக்க வைப்பதால் அப்படி ஒரு வாசம். அதற்குக் குமிழி வேண்டாம், பாவம், காணாமல் போய்விடும்.

உங்களுக்கு, இறைச்சி சாப்பிடுகிறவருக்கு, கார்னே சலாதா. கார்தா ஏரியின் வட முனைப் பக்கத்துத் தயாரிப்பு. கொழுப்பில்லாத மாட்டுத் தொடை இறைச்சியை உப்பு, பூண்டு, மிளகு, ஜூனிபர் காய், பிரிஞ்சி இலையோடு வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். மாணிக்கச் சிவப்பில் இருக்கும். மெல்லியதாகச் சீவிப் பச்சையாகவே தருவார்கள். அல்லது தோசைக்கல் மாதிரிச் சூடான இரும்பில் இரண்டு பக்கமும் ஒரு நொடி காட்டி, புள்ளி பீன்ஸோடு தருவார்கள். சிவப்பு ஒயினின் துவர்ப்பு இந்த உப்போடு சேர்ந்தால் கடினமாக இருக்கும். ஃபெராரியின் ரோஸே, பினோ நெரோ என்ற கருந்திராட்சையும் ஷார்டொனேயும் சேர்ந்த இளஞ்சிவப்புக் குமிழி, இதற்கு மிகச் சரியாக அமையும். சின்னச் சிவப்புப் பழங்களின் வாசமும் கொஞ்சம் உடம்பும் அதில் உண்டு, துவர்ப்பு கிடையாது. பினோ நெரோவை மட்டும் வைத்துச் செய்யும் பெர்லே நெரோ இன்னும் ஆழமானது. காளானும் போலெண்டா என்ற சோளமாவுக் களியும் சேர்ந்த தட்டு கிடைத்தால் அதைத் திறக்கலாம், அது சைவமும்கூட.

வெள்ளை ஒயின் கேட்டிருந்தீர்கள். லுனெல்லி குடும்பத்தின் குமிழி இல்லாத ஷார்டொனேக்கு வில்லா மார்கோன் என்று பெயர். ரவீனாவில் ஒயின் ஆலைக்கு மேலே மலைச்சரிவில் நிற்கும் 16ஆம் நூற்றாண்டு மாளிகையின் பெயர் அது. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் வாழ்க்கையைச் சுவர் முழுக்க ஓவியமாகத் தீட்டியிருப்பார்கள். வாய்ப்பிருந்தால் பார்த்துவிடுங்கள். ஒயின் நல்ல வட்டமான ஒயின், மரத்தின் வாசம் லேசாக உண்டு. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் குழைத்த ரிசொட்டோ என்ற அரிசிச் சோற்றுக்கும், வாட்டிய கோழிக்கும் பொருந்தும். மோசமில்லை. ஆனால் இந்த ஊருக்கு வந்து ஒரே ஒரு வெள்ளை ஒயின்தான் குடிப்பேன் என்றால், இந்தப் பகுதியின் சொந்தத் திராட்சையான நோஸியோலாவில் செய்ததைக் குடியுங்கள். உலகத்தில் வேறெங்கும் அதைப் பெரிதாகப் பயிரிடுவதில்லை. ஹேசல்நட் வாசம், கடைசியில் ஒரு சின்னக் கசப்பு, சத்தமில்லாத ஒயின். ஏரி மீனோடும் வேகவைத்த காய்கறியோடும் அமைதியாகப் பொருந்திப்போகும்.

அதே நோஸியோலாதான் இனிப்புக்கும் பதில். இத்தாலி முழுக்க ஒரு பழக்கம்: விருந்தின் கடைசியில் கேக் வெட்டும்போது ப்ரூட் பாட்டிலைத் திறப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இனிப்பைச் சாப்பிட்ட நாக்குக்கு ப்ரூட் வெறும் எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஐந்து வருட உழைப்பு ஒரு வாய் கேக்கில் போய்விடும். குமிழிதான் வேண்டும் என்றால் ஃபெராரியிலேயே டெமி-செக் என்ற இனிப்புக் குமிழி உண்டு. லிட்டருக்கு 32 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால்தான் லேபிளில் அந்தச் சொல்லைப் போடலாம். அதைவிட என் தேர்வு வீனோ சாந்தோ என்ற இனிப்பு ஒயின். நோஸியோலா குலைகளை மச்சில் தட்டிகளின் மேல் பரப்பிவிட்டால், கார்தா ஏரியிலிருந்து வீசும் ஓரா காற்றில் அவை மாதக்கணக்கில் காயும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் பிழிவார்கள்; பெயரில் உள்ள 'சாந்தோ', அதாவது 'புனித', அதுதான். தேன், உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல். நோன் பள்ளத்தாக்கு ஆப்பிளை மெல்லிய மாவில் சுருட்டிச் சுட்ட ஸ்ட்ரூடலோடு சின்னக் கிளாஸில் இருவருக்கும் ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொண்டால் போதும்.

குடிக்கும் முறையில் இரண்டு விஷயம்தான் முக்கியம். ஒன்று கிளாஸ். ஒல்லியான ஃப்ளூட் வேண்டாம். குமிழி ஏறுவதைப் பார்க்க அழகு, மூக்கை விட இடம் இல்லை. வெள்ளை ஒயின் கிளாஸ், நடுவில் அகன்று வாய் குவிந்தது, அதைக் கேளுங்கள். வீட்டில் என்றால் கிளாஸைச் சோப்புப் படலம் இல்லாமல் வெந்நீரில் அலசி வையுங்கள். சோப்பு ஒட்டியிருந்தால் நுரை நிற்காது.

இன்னொன்று குளிர். ப்ரூட்டுக்கு 6 முதல் 8 டிகிரி, பெர்லேக்கு 8 முதல் 10, நிறுவனர் பெயரிலேயே வரும் ஜூலியோ ஃபெராரி பாட்டிலுக்கு 10 முதல் 12. இதில் நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு மேஜைக்கு ஜூலியோ ஃபெராரி கேட்டார்கள். விலை உயர்ந்த பாட்டில், நன்றாகக் குளிரட்டும் என்று ஒரு மணி நேரம் பனிக்கட்டியில் புதைத்து வைத்துவிட்டேன். ஊற்றினேன். அந்த அம்மா முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார், "வாசமே வரவில்லையே" என்றார். பாட்டில் கெட்டுப்போய்விட்டதோ என்று எனக்குக் கை நடுங்கியது. எங்கள் மூத்த பரிமாறுநர் வந்து, பாட்டிலைப் பனிக்கட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்து, கிளாஸை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் காத்திருக்கச் சொன்னார். அவர்கள் காத்திருந்தார்கள். பத்தாவது நிமிடம் அந்த அம்மா கணவரின் கையைத் தட்டி, "இப்போது பார்" என்றார்.

திறக்கும்போது சத்தம் வர வேண்டியதில்லை. கம்பிக் கூட்டைத் தளர்த்திய நொடியிலிருந்து கார்க்கின் மேலிருந்து கட்டைவிரலை எடுக்காதீர்கள். கார்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். பெருமூச்சு விடுகிற அளவுக்குச் சத்தம் வந்தால் சரி. மிச்சம் இருந்தால் இதற்கென்றே விற்கும் அழுத்த மூடியைப் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாளும் நன்றாக இருக்கும். கழுத்தில் ஸ்பூன் தொங்கவிடுவதால் ஒரு பயனும் இல்லை.

ஆலைக்குப் போவதென்றால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ரவீனா ட்ரென்டோவின் தென் ஓரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. ருசி பார்த்துவிட்டு நீங்களே ஓட்டித் திரும்பும் திட்டம் வேண்டாம். இத்தாலியில் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்குப் பூஜ்யம். மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக ட்ரென்டோவுக்கே நேர் ரயில் இருக்கிறது, ஊருக்குள் டாக்ஸி இருக்கிறது.

கடைசியாக, ஊருக்கு ஒரு பாட்டில் எடுத்துப்போவதென்றால் அது ஜூலியோ ஃபெராரி ரிசெர்வா. மாஸோ பியானிட்ஸா என்ற ஒரே உயர்நிலத் தோட்டத்து ஷார்டொனே. குடும்பத்தில் ஒயின் செய்தவர் மௌரோ லுனெல்லி. இத்தாலியக் குமிழி இத்தனை வருடம் தாங்குமா என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டுக்கூடப் பார்க்காதபோது, 1972 அறுவடையை ஒதுக்கி வைத்து 1980இல் வெளியே விட்டார்கள். இன்றும் பத்து வருடத்தை ஒட்டி ஈஸ்ட்டோடு கிடந்த பிறகே கடைக்கு வரும். விலை 100 யூரோவைத் தாண்டும். வாங்கும்போது பின் லேபிளில் 'ஸ்பொக்காத்தூரா' என்று போட்டிருக்கும் வருடத்தைப் பாருங்கள். வண்டலை நீக்கிய வருடம் அது. வாங்கிய உடனே திறந்தாலும் நன்றாக இருக்கும், குளிர்ந்த இருட்டறை இருந்தால் இன்னும் சில வருடம் வைக்கலாம். திறக்கும் நாளில் பெரிய விருந்து சமைக்காதீர்கள். வெண்ணெயும் ட்ரென்டின்கிரானாவும் மட்டும் போட்ட வெள்ளை ரிசொட்டோ, இரண்டு தட்டு. பாட்டிலைப் பரிமாறுவதற்கு இருபது நிமிடம் முன்னதாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, பிறகு அரிசியை அடுப்பில் ஏற்றுங்கள்.